நிற்கக் கூடாத விசிறி

சர்க்யூட் போர்டு கம்பெனியில் அவளுக்கு ‘நூல்பிடி’ என்று பெயர். பதினோரு வருடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சால்டரிங் செய்தவள். அவள் வைத்த ஈயப் பொட்டுகள் நூல் பிடித்தாற்போல் வரிசையாக நிற்கும். தீக்காயம்பட்ட புருஷனைப் பார்த்துக்கொள்ள மூன்று மாதம் லீவு கேட்டாள். மறுவாரமே அந்த பெஞ்சில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள். கழுதை கெட்டால் குட்டிச்சுவர். நூல்பிடி கெட்டால் வீட்டுச் சமையலறை மேடை. அதன் மேல் சூட்டுக்கோலை வைத்துக்கொண்டு, தெருவில் உடைந்த ரேடியோக்களுக்கும் சார்ஜர்களுக்கும் உயிர் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அவள் புருஷன் பாய்லர் ஆபரேட்டர். மாற்றச் சொல்லி அவர் மூன்று முறை எழுதிக் கொடுத்த நீராவிக் குழாய், நான்காவது முறை எழுதுவதற்குள் வெடித்தது. பிடரியிலிருந்து இடுப்பு வரை, இரண்டு கைகள், நெஞ்சு. தோல் ஆறியது. கம்பெனி டாக்டர் ‘காயங்கள் முழுமையாக ஆறிவிட்டன, வேலைக்குத் திரும்பலாம்’ என்று எழுதினார். அதில் பொய் ஒன்றும் இல்லை. வெந்து ஆறிய தோலில் வியர்வைச் சுரப்பி திரும்ப முளைக்காது என்பதை மட்டும் அவர் எழுதவில்லை. வியர்வை என்பது உடம்பு தனக்குத்தானே வீசிக்கொள்ளும் விசிறி. அது நின்றுபோன மனிதன் வெயில் காலத்தில் அடுப்பில் வைத்த மூடிய பாத்திரம்.

நஷ்டஈட்டு விசாரணைக்குப் போன முதல் தடவை, காத்திருப்புக் கூடத்தில் நாற்பது நிமிடத்தில் மயங்கி விழுந்தார். வராந்தாவில் அவர் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது உள்ளே எண் கூப்பிடப்பட்டது. ‘மனுதாரர் ஆஜரில்லை’ என்று கோப்பில் ஏறிற்று. அடுத்த தடவை அவள் மட்டும் ஆஸ்பத்திரி டாக்டரின் கடிதத்தோடு போனாள். “அவரே வரணும்மா” என்றார்கள். சூடு தாங்காதவர் என்று நிரூபிக்க அவர் சூட்டில் வந்து உட்கார வேண்டும். இதற்குச் சட்டம் என்று பெயர். மூன்றாவது கடிதம் வந்தபோது எட்டு நாள்தான் இருந்தது. இந்த முறையும் வராவிட்டால் மனு தள்ளுபடி.

அவருடைய அக்கா ஒரு தாயத்தோடு வந்தார். “கட்டி விடு. சூடெல்லாம் இறங்கிடும்.”

“கட்டுவோம் அண்ணி. கட்டினதும் தெர்மாமீட்டர் வைப்போம். இறங்கினா இன்னொண்ணு வாங்கிட்டு வாங்க.”

“உனக்கு வாய் மட்டும் குறையல.”

“மத்ததெல்லாம் குறைஞ்சிருச்சே அண்ணி. அதாவது இருக்கட்டும்.”

வழி அவளுக்குத் தெரிந்திருந்தது. நனைத்த பனியன், மேலே தொளதொளச் சட்டை, சட்டையின் இடுப்பில் இரண்டு ஓட்டை போட்டு இரண்டு கம்ப்யூட்டர் விசிறி. காற்று உள்ளே புகுந்து ஈரத்தை உலர்த்தினால் உடம்பு குளிரும். பழைய கம்ப்யூட்டர் கடைக்காரர் விசிறிகளை ஊதித் தூசி தட்டிக் கொடுத்தார்.

“என்னக்கா, வீட்ல கம்ப்யூட்டர் ரொம்ப சூடாகுதா?”

“ஆமா. நாப்பத்தாறு வருஷத்து மாடல்.”

“அதுக்கெல்லாம் பார்ட்ஸ் வராதேக்கா.”

“அதான் நானே செய்யறேன்.”

விசிறிகள் முழு வேகத்தில் ஓடினால் பழைய பேட்டரி இரண்டரை மணி நேரத்தில் செத்தது. விசாரணையோ பத்திலிருந்து நாலு வரை. எண் எப்போது வரும் என்று எவருக்கும் தெரியாது. வேகத்தைக் குறைக்க வேண்டும். மூன்று கால் கொண்ட ரெகுலேட்டர் ஒன்று, இரண்டு ரெசிஸ்டர், செத்த ரேடியோவிலிருந்து பிடுங்கிய வால்யூம் குமிழ், ஒரு சுவிட்ச். ரெகுலேட்டர் தொட முடியாமல் சுட்டது. அதன் முதுகில் ஓர் அலுமினியத் தகட்டைக் கட்டி, சட்டைக்கு வெளியே பைக்குள் தொங்கவிட்டாள். குமிழைப் பாதிக்குத் திருப்பியதும் பேட்டரி ஐந்தரை மணி நேரம் தாங்கியது. காற்று குறைந்தாலும் வீட்டில் அவர் உடம்பு முப்பத்தேழரை டிகிரியைத் தாண்டவில்லை.

ஒரு தொல்லை இருந்தது. ஓடுகிற விசிறி அந்தக் குறைந்த மின்சாரத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். நின்றுவிட்டால் அதே மின்சாரத்தில் கிளம்பாது, முனகும், அவ்வளவுதான். முழுதாகத் திருப்பிக் கிளப்பிவிட்டு அப்புறம் குறைக்க வேண்டும். தானாகக் கிளம்ப வைக்கவும் வழி உண்டு, ஆனால் அதற்கான பார்ட்டும் இல்லை, நாளும் இல்லை. அவருடைய விறைத்த விரல்கள் பட்டுப் பட்டுக் குமிழ் நகர்ந்ததால், அதைப் பாதியில் வைத்துக் கறுப்பு டேப்பால் இறுக்கிச் சுற்றினாள். “சுவிட்சைத் தொடாதீங்க” என்று மட்டும் சொன்னாள். ஏன் என்று சொல்லவில்லை. இருக்கிற பயம் அவருக்குப் போதும் என்று நினைத்தாள்.

கூடத்தில் நான்கு மணி நேரம் உட்கார்ந்தார். தலைக்கு மேலே விசிறிகள் இருந்தன. கோப்புகள் பறக்கும் என்று அவற்றை அணைத்து வைத்திருந்தார்கள். அதிகாரிக்கு மட்டும் காலடியில் தனியாக ஒன்று. எண் வந்ததும் எழுந்து நடந்து போனார். அவள் பின்னால் தண்ணீர் பாட்டிலோடு போனாள்.

கம்பெனி வக்கீல் சிரித்த முகம். “ஐயா, காலையிலேர்ந்து இங்கதான் இருக்கார். மயக்கமும் இல்ல, மண்ணும் இல்ல. சொந்தமா ஏசி வேற மாட்டிக்கிட்டு வந்திருக்கார். இவரால வேலை செய்ய முடியாதுன்னா எப்படி?”

எட்டு நாள் அவள் கண் எரிய எரியச் செய்தது அவர்கள் கைக்குச் சாட்சியாகப் போயிற்று. சொந்தச் சூட்டுக்கோலால் தன் வீட்டுக்கே கொள்ளி வைத்துவிட்டாள்.

புருஷன் நிதானமாகப் பேசினார். “ஐயா, இதை நிறுத்திட்டு இங்கயே உக்கார்றேன். நீங்களே பாருங்க.”

அவள் “வேணாங்க” என்று சொல்லி முடிப்பதற்குள் சுவிட்சை அணைத்துவிட்டார்.

அதிகாரி அவளிடமிருந்த தெர்மாமீட்டரைப் பார்த்தார். “வைங்க.” முப்பத்தேழு புள்ளி ஏழு. குமாஸ்தா குறித்துக்கொண்டார். “ஓரமா உக்காருங்க. அடுத்த நம்பர்.”

அடுத்த எண், அதற்கடுத்த எண். யாருடைய விரலோ, யாருடைய கண்ணோ, கோப்புகளாகப் போய்க்கொண்டிருந்தன. அவள் கடிகாரத்தையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பத்து நிமிடத்தில் காது சிவந்தது. பதினெட்டில் பேச்சு குழறியது. எழுந்து போய் டேப்பை அவிழ்த்து விசிறியைக் கிளப்பிவிடலாம். அவிழ்த்தால் ‘மனைவி நடுவில் புகுந்தார்’ என்று வக்கீல் சொல்வான். கையைக் கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். இருபத்தெட்டாவது நிமிடம் அவர் தலை தொங்கியது. விரல் தடவித் தடவிப் போய் சுவிட்சைப் போட்டது.

விசிறி முனகியது. சுற்றவில்லை.

அவர் அவளைப் பார்த்தார். குழாய் வெடித்த அன்றைக்கு ஆஸ்பத்திரியில்கூட அவள் அந்தப் பார்வையைப் பார்த்ததில்லை. பாய்ந்தாள். டேப்பின் முனை நகத்துக்குச் சிக்கவில்லை. அவ்வளவு ஒழுங்காக ஒட்டியிருந்தாள். பல்லால் கடித்துக் கிழித்தாள். குமிழைக் கடைசி வரை திருப்பினாள். இரண்டு விசிறிகளும் அலறிக் கிளம்பின, சட்டை உப்பியது. பாட்டில் தண்ணீரைக் கழுத்து வழியாக ஊற்றினாள், தரையெல்லாம் நனைந்தது. பிறகுதான் தெர்மாமீட்டரை வைத்தாள்.

அதிகாரி தன் காலடி விசிறியை அவர் பக்கம் காலால் திருப்பி வைத்துவிட்டு, தானே வந்து பார்த்தார். “முப்பத்தெட்டு புள்ளி ஒன்பது. எழுதிக்கங்க. இருபத்தெட்டு நிமிஷம், சும்மா உக்காந்து.”

வக்கீல் இருமினான். “விசிறி திரும்ப ஓடுதுங்கறதையும் பதிவு பண்ணணும் ஐயா.”

“பண்ணுங்க” என்றாள் அவள். “பேட்டரி இன்னும் அரை மணிதான் வரும்னும் சேர்த்துப் பண்ணுங்க. அதுக்குள்ள நாங்க வீட்டுக்குப் போகணும்.”

உத்தரவு பிறகு வரும் என்றார்கள். கோப்பில் ‘மனுதாரர் ஆஜர்’ என்று முதல் தடவையாக எழுதியிருந்ததை அவள் தலைகீழாகவே படித்தாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் அவரை உட்கார வைத்து, காதை விசிறியோடு ஒட்டி, சத்தத்தைக் கேட்டுக் கேட்டுக் குமிழைக் குறைத்தாள்.

“நின்னா கிளம்பாதுன்னு தெரியுமா உனக்கு?” என்றார்.

“தெரியும். சொல்லியிருக்கணும்.”

அவர் கண்ணை மூடிக்கொண்டார். “சொல்லியிருந்தா நிறுத்தியிருக்க மாட்டேன்.”

அவள் குமிழிலிருந்து கையை எடுக்காமல், வீட்டுக்கு இன்னும் எத்தனை நிறுத்தம் என்று எண்ணிக்கொண்டிருந்தாள்.