கவுன்சிலரம்மா சட்டக் கல்லூரிக்குப் போனார்

என் மனைவியைப் பற்றி ஊரில் யாரைக் கேட்டாலும் நல்லபடியாகத்தான் சொல்வார்கள். அதனால் என்னையும் ஒரு வார்த்தை கேளுங்கள். நான் வக்கீல். இரண்டு முறை மாநகராட்சி கவுன்சிலராக இருந்தவளின் கணவன். பொறாமை பிடித்தவன்தான், மறைக்கவில்லை.

வார்டில் குழாய் உடைந்தால் அவள் போன் போட்டுச் சொல்லிவிட்டுச் சும்மா இருக்க மாட்டாள். என்ஜினியரைக் கையோடு கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

"வாங்க சார், போய்ப் பாத்துட்டே பேசலாம்."

சேற்றில் ஷூ மாட்டிக்கொண்ட என்ஜினியர் அன்றே குழாயைச் சரிசெய்துவிடுவார்.

மாநகராட்சிக் கூட்டத்துக்கு முந்தின நாள் மட்டும் விதிப் புத்தகத்தோடு என்னிடம் வந்து உட்காருவாள். "ஏங்க, இது என்னதாங்க சொல்லுது?" நான் அரை மணி நேரம் விளக்குவேன். மறுநாள் அவள் அதை இரண்டே வரியில் போட்டு உடைப்பாள், எல்லாரும் மேசையைத் தட்டுவார்கள். "உங்க வீட்டம்மா சட்டத்தக் கரைச்சுக் குடிச்சிருக்காங்க சார்" என்று என்னிடம் வழக்குக்கு வந்தவரே சொன்னார். கரைத்துக் கொடுத்தவன் நான்! வயிறு எரியாதா?

மூன்றாவது தேர்தலில் தோற்றாள். இனிமேல் வீட்டில் இருப்பாள் என்று எனக்கு உள்ளுக்குள் குஷிதான். அந்த நேரம் பார்த்து சட்டக் கல்லூரியில் நிர்வாக அதிகாரி வேலை காலியானது. விண்ணப்பித்தவன் நான். கோட்டைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு நேர்காணலுக்கும் போனேன்.

கல்லூரித் தலைவர் டீ வரவழைத்துக் கொடுத்தார். "சட்டம் தெரிஞ்சவங்க எங்ககிட்ட ஏகப்பட்ட பேர் இருக்காங்க சார். ஒரு வேலைய முடிக்கத் தெரிஞ்சவங்கதான் இல்ல. மேடம் வருவாங்களான்னு கொஞ்சம் கேட்டுச் சொல்றீங்களா?"

கேட்டுச் சொன்னேன். வேறென்ன செய்வது?

அவள் வேலையில் சேர்ந்த முதல் வாரமே இரண்டு பேராசிரியர்கள் ஓர் அறைக்காக முட்டிக்கொண்டார்கள். "வாங்க, போய்ப் பாத்துட்டே பேசலாம்" என்றாளாம். போய்ப் பார்த்தால் மின்விசிறியும் இல்லை, ஜன்னலும் திறக்கவில்லை. இருவருமே அதுவரை அந்த அறையை எட்டிப் பார்த்ததில்லை. "அவரே வச்சுக்கட்டும் மேடம்" என்று இருவரும் ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள். இந்தக் கதையை எனக்கே நாலு பேர் சொல்லிவிட்டார்கள். நாலு தடவையும் சிரித்து வைத்தேன்.

நேற்றுக் காலை சாப்பாட்டு மேசைக்கு ஒரு கோப்போடு வந்தாள். நெற்றி சுருங்கியிருந்தது. ஏதோ சட்டச் சிக்கல். நான் பேப்பரை மடித்து வைத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன். தொண்டையைக்கூடச் செருமிவிட்டேன்.

அவள் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"சார், காப்பியடிச்ச ஸ்டூடண்ட்ட விசாரிக்காமலே நீக்கலாமா?"

அந்தப் பக்கம் யாரோ இளம் விரிவுரையாளர். முழு வகுப்பையே எடுத்தார். கூடாது என்று ஒரு வார்த்தையில் முடிகிற விஷயம். எனக்குத் தெரியும். எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன்.

பேசி முடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். "இத்தன வருஷமா உங்களத்தான் ரொம்பப் படுத்திட்டேங்க. இனிமே நீங்க நிம்மதியா பேப்பர் படிக்கலாம்."

மனதாரத்தான் சொன்னாள்.

"படுத்தினா என்ன இப்போ?" என்றேன்.

அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கிவிட்டாள்.