சோளகத்தில் கட்டிய பலூன் வளைவு

சோளகக் காற்றுக் காலத்தில் கற்பிட்டிக் கடற்கரையில் பலூன் கட்டித் தரச் சொல்லிக் கேட்டால் இப்போதெல்லாம் முகத்துக்கு நேரே முடியாது என்றுவிடுவேன். அக்காவின் மகளுக்குக் கட்டிய பிறகு வந்த புத்தி இது.

அக்கா இத்தாலியிலிருந்து ஆகஸ்டில் வந்திருந்தாள். அங்கே அது வெயில்கால விடுமுறை. இங்கேயோ மணல் பறந்து கண்ணைத் திறக்க விடாத மாதம். மகளின் எட்டாவது பிறந்தநாளுக்குக் கடலோரத்தில் பலூன் வளைவு வேண்டும் என்று, யாரோ புல்வெளியில் கட்டிய ஒன்றின் படத்தைக் காட்டினாள். கொண்டாட்டங்களுக்குச் சோடிப்பதுதான் என் தொழில். வீட்டுக்குப் பின்னால் கிடுகு வேலி மறைப்பில் கட்டலாம் என்றேன். வேலியைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தேன் என்று கேட்டாள்.

நான் இறங்கிப் போனதற்குக் காரணம் வேறு. அப்பாவோடு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து நிற்கிற படம் வீட்டில் ஒன்றுகூட இல்லை. அக்காவின் கலியாணத்தன்று எனக்குக் கொப்புளிப்பான், உடம்பெல்லாம் அம்மைக் கொப்புளம். அறைக்குள்ளேயே கிடந்தேன். இந்த முறை அந்தப் படத்தை எடுத்தே தீருவது என்றிருந்தேன். அப்பாவுக்குப் புதுச் சட்டைகூடத் தைத்து வைத்தேன்.

காலை ஆறு மணிக்கே பலூன் ஊதத் தொடங்கி, வளைவைக் கரையில் ஏற்றியிருந்த அப்பாவின் தோணியோடு இழுத்துக் கட்டினேன். அக்கா வந்து பார்த்தாள். தோணி படத்துக்கு வடிவில்லை, மீன் வாடை வேறு என்று நாலு பேரைப் பிடித்து அதை அப்பால் தள்ளி வைத்துவிட்டாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வேறு வழியில்லாமல் வளைவின் கால்களை மணல் வாளிகளில் ஊன்றினேன். பத்து மணிக்குக் காற்று எழும்பியது. வாளிகள் சாய்ந்தன. கழன்ற பலூன்கள் உருண்டு போய் இராவணன் மீசைப் புல்லில் குத்துப்பட்டு வெடித்தன. பிள்ளை பயந்து அழுதது. எனக்கும் அழுகை வந்தது, ஆத்திரத்தில்.

அப்பாவைக் கதிரையோடு தூக்கிவந்து வளைவுக்கு நடுவில் இருத்தினார்கள். அக்காவும் அத்தானும் பிள்ளையும் சுற்றி நின்றார்கள். நான் கை மணலைத் தட்டிவிட்டு அப்பாவுக்குப் பக்கத்தில் போனேன். வளைவு மறுபடி சரிந்தது.

“நீ பின்னால நிண்டு பிடிச்சிக்கோ,” என்றாள் அக்கா. “இத எடுத்துட்டு உன்னையும் எடுப்பம்.”

பிடித்துக்கொண்டேன். ஒரு படம் எடுத்தார்கள். அதற்குள் கேக்கில் மணல் விழுகிறதென்று யாரோ சொல்ல, எல்லாரும் அப்பாவையும் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டார்கள். நான் கையை எடுத்ததும் வளைவு விழுந்தது. அன்று பின்னேரமாவது என்னையும் சேர்த்து ஒன்று எடுக்கச் சொல்லிக் கேட்டிருக்கலாம். வீம்பில் கேட்கவில்லை. அடுத்த தை மாதம் அப்பா போய்ச் சேர்ந்தார். அக்காவுக்கு வரக் கிடைக்கவில்லை.

அப்பாவின் முப்பத்தோராம் நாள் நினைவன்று அந்தப் படத்தை அக்கா எனக்கு அனுப்பினாள். “அப்பா எவ்வளவு வடிவாச் சிரிக்கிறார். நீ ஏன் இதுல வந்து நிக்கல்ல?” என்று கீழே எழுதியிருந்தாள்.

பதிலுக்கு நிறைய எழுதி எழுதி அழித்தேன். கடைசியில், வலது பக்கத்து ரோசாப் பலூனைப் பெரிதாக்கிப் பார் என்று மட்டும் அனுப்பினேன். அதன் ஓரத்தில் என் நாலு விரல் தெரியும்.