முந்நூற்றுப் பன்னிரண்டு அடி, கழிவு இல்லாமல்

2023 நவம்பர் 21, செவ்வாய்க்கிழமை, காலை 6.20. மூடுபனி, லேசான தூறல். சமையலறை வாசற்படியைத் தாண்டப் போனேன். வலது கால் வரவில்லை. வலி இல்லை, மரத்துப்போகவும் இல்லை. தரையில் வைத்து ஆணி அடித்தாற்போல நின்றுவிட்டது. பதினேழு வரை எண்ணினேன். பதினெட்டில் கால் விடுபட்டு, கதவில் போய் மோதினேன்.

அப்போது எனக்கு வயது எழுபத்திரண்டு. ஏற்காட்டு மலையில் நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் முப்பத்தெட்டு வருஷம் ரைட்டராக இருந்தவன். ஆள் எண்ணுவது, கூடை எண்ணுவது, பழத்தை எடைபோட்டு எழுதுவது என் வேலை. மனைவி போன பிறகு தனியாக இருக்கிறேன். இதே நோயோடு இருப்பவர்களுக்காக எழுதுகிறேன், ஆறுதல் சொல்வதற்காக அல்ல. எனக்கும் நிறையப் பேர் ஆறுதல் சொன்னார்கள். அதைக் கொண்டு ஒரு அடிகூட எடுத்து வைக்க முடியவில்லை.

சேலத்தில் நரம்பியல் மருத்துவர் விரல்களைத் தட்டச் சொன்னார், நடக்கச் சொன்னார். பார்க்கின்சன் நோய் என்றார் (மூளையில் டோபமின் என்ற பொருள் குறைந்து, அசைவு மெதுவாகி, உடல் இறுகுவது). கால் ஒட்டிக்கொள்வதற்குப் பெயர் உறைநடை (நடக்கும்போது திடீரென்று பாதம் எழும்பாமல் நிற்பது).

"குணமாகுங்களா?"

"கட்டுக்குள்ள வெச்சுக்கலாங்கய்யா. மாத்திரை வாழ்நாள் முழுக்க."

"வாழ்நாள்னா எத்தன வருஷம்னு போட்டுக்கறதுங்க?"

அவர் சிரித்தார். நான் கணக்குக்காகத்தான் கேட்டேன்.

அடுத்த பதினான்கு மாதத்தில் ஏழு முறை விழுந்தேன். ஏழாவது முறை மணிக்கட்டு முறிந்தது. சேலத்திலிருந்து மகன் வந்தான்.

"ஏனுங்கப்பா, இன்னும் எத்தன தடவ உழுகோணும்? ஊட்ட வாடகைக்கு உட்டுட்டு எங்ககூட வந்துருங்க. லிப்ட் இருக்குது."

"லிப்ட்ல போறவனுக்குக் காலு எதுக்குடா?"

ஒரு நாள் முழுக்கச் சண்டை போட்டு ஒரு முடிவுக்கு வந்தோம். என் வாசலிலிருந்து பஸ் நிற்கும் இடம், என் காலடிக் கணக்கில், 312 அடி. யாரும் பிடிக்காமல், விழாமல் நான் அங்கே போய்ச் சேர்ந்தால் இங்கேயே இருக்கலாம். இல்லையென்றால் சேலம். கெடு, மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழா.

மணிக்கட்டுக்குப் பயிற்சி கொடுத்த இயன்முறை மருத்துவர் ஏற்காட்டில் ஒரு பள்ளிக்கூடத்தைச் சொன்னார். அங்கே சனிக்கிழமைகளில் இசை, கணினி, உடற்பயிற்சி மூன்றையும் ஒரே வகுப்பாக நடத்தினார்கள். கண் தெரியாதவர்கள், காது கேளாதவர்கள், சக்கர நாற்காலிக்காரர்கள், மற்றவர்கள் எல்லாரும் ஒரே அறையில், இருபத்துமூன்று பிள்ளைகள். இசையாசிரியர் ஸ்டெல்லா டீச்சர் நேராகவே சொன்னார்: "பிள்ளைங்க ஒரு கருவி செஞ்சிருக்காங்க சார். சோதிச்சுப் பாக்க நடக்கச் சிரமப்படற ஆள் வேணும்." அந்தத் தகுதி எனக்கு நிறைய இருந்தது.

கணுக்காலில் தீப்பெட்டி அளவில் உணரி (அசைவைக் கண்டறியும் கருவி). கழுத்தில் தொங்கும் போன் அடிகளை எண்ணும். அடி தாமதித்தால் போனில் மேளம் ஒலிக்கும். அதை வாசித்துப் பதிவு செய்தவன் காது கேளாத ஒரு மாணவன், மேளத்தோலில் உள்ளங்கையை வைத்து அதிர்விலேயே தாளம் பிடிப்பவன். மூளையில் அடைபட்ட வழியை விட்டு, காது வழியாகக் காலுக்கு உத்தரவு போகிறது என்று டீச்சர் விளக்கினார். பாதிதான் புரிந்தது. கால் எழும்பியது, அது போதும்.

என்னோடு சேர்ந்து நடந்தவள் பவித்ரா, ஒன்பதாம் வகுப்பு. அவளுக்குப் பெருமூளை வாதம் (பிறவியிலேயே மூளைப் பாதிப்பால் தசைகள் இறுகுவது). வாக்கர் பிடித்து நடப்பாள். அவளுடைய அம்மா எங்கள் எஸ்டேட்டில் பழம் பறித்தவர்.

ஒவ்வொரு வகுப்பிலும் விழாமல் நடந்த அடிகளை ஒரு நோட்டில் எழுதிவந்தேன். ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமை எழுதியது 281. முப்பத்தொன்று குறைவு. வீட்டில் பெட்டி கட்டத் தொடங்கியிருந்தேன். பவித்ரா நோட்டை எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க ரைட்டர் தாத்தா, போன்ல 312ன்னு காட்டுது."

"அது மேளத்தோட சேத்தி எண்ணுது கண்ணு. பத்துக்கு ஒண்ணு கழிச்சுத்தான் எழுதோணும். மேளம் தூக்கி உட்ட அடி எப்படி என்னோடதாகும்?"

எஸ்டேட்டில் ஈரப் பழத்துக்குப் பத்துக் கிலோவுக்கு ஒரு கிலோ கழிப்பது வழக்கம். மூன்று மாதமாக என் கால்களுக்கும் அதையே செய்துவந்திருக்கிறேன்.

"அப்ப வாக்கர் புடிச்சு நான் நடக்கறது எத்தனைங்க? சைபரா?"

நான் பேனாவை மூடி மேசையில் வைத்தேன்.

"எங்கம்மா கூடையிலயும் இப்படித்தான் கழிச்சீங்களா?"

"மழை நாள்ல கழிச்சேன்."

"வெயில் நாள்ல?"

கழித்திருக்கிறேன். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவள் பேனாவை என் பக்கம் தள்ளினாள். "கண்ணு கண்ணுன்னா மட்டும் உட்டுருவனா? எல்லாப் பக்கமும் திருத்துங்க. நொம்ப மோசமுங்க நீங்க." பதினொரு பக்கம். ஒவ்வொன்றாகத் திருத்தினேன். அவள் எழுந்து போகாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

திருவிழாவுக்கு முதல் நாள் காலை மகன் பஸ் நிற்கும் இடத்தில் காத்திருந்தான். நான் கிளம்பினேன். 140இல் இறக்கம். 203இல் கால் ஒட்டியது. உடம்பு முன்னால் சாய்ந்தது. மேளம் அடித்தது. ஒரு தட்டு, இரண்டு, மூன்று. கால் வந்தது. 204. 312இல் பஸ் கம்பத்தைத் தொட்டேன்.

மகன் போனைப் பார்த்தான். "இது போன் நடந்ததுங்கப்பா."

"உன் மூக்குக்கண்ணாடியக் கழட்டிப் போட்டுட்டு இருவது கொண்டை ஊசி வளைவும் வண்டி ஓட்டிக் காட்டு. அப்புறம் பேசலாம்."

அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டான். வாடகைப் பேச்சை அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

நோய் போகவில்லை, போகாது. ஒரு நாளைக்கு ஐந்து வேளை மாத்திரை. டாக்டரைக் கேட்காமல் எதையும் மாற்றாதீர்கள், எதையும் நிறுத்தாதீர்கள். எனக்கு இப்போது நாள் என்பது கடிகாரத்தில் இல்லை, ஒரு மாத்திரைக்கும் அடுத்த மாத்திரைக்கும் இடையில் இருக்கிறது. நிமிஷம் ஒரு மேளத்துக்கும் அடுத்ததற்கும் இடையில். என் உடம்பும் தோலோடு முடிந்துவிடுவதில்லை. கணுக்கால் உணரியும் கழுத்துப் போனும் அந்தப் பையனின் உள்ளங்கையும் என் கால்தான். உதவி வாங்கி நடந்த அடியும் நடந்த அடியே. எவனும் அதில் கழிக்கக் கூடாது, நானும்.

மருத்துவர், மாத்திரை, மாவுக்கட்டு, போன், பஸ் எல்லாம் சேர்த்து இந்த வீட்டிலேயே நான் இருக்க ஆன செலவு, கழிவு இல்லாமல்: 86,415 ரூபாய்.