ஒரே பேர், ரெண்டு வேகம்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. திருப்பதியிலிருந்து நகரிக்கு, அக்கா வீட்டுக்கு, பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். மடியில் ஒரு புது லாப்டாப். அக்கா மகள் கவிதாவுக்கு அடுத்த மாதம் கல்யாணம், தாய்மாமன் சீர். பட்டுப்புடவை, மோதிரத்தோடு சீர் முடிந்துவிடும் என்று நினைக்கிறவர்கள் இந்தக் காலத்தில் ஒருமுறை தாய்மாமனாக இருந்து பார்க்கவேண்டும்!

கவிதா கல்யாண வீடியோக்களை எடிட் செய்கிறவள். நகரி, புத்தூர் பக்கத்து வீடியோக்காரர்கள் பாதிப்பேர் அவளிடம்தான் வருவார்கள். வீட்டில் ஒரு டெஸ்க்டாப் வைத்திருக்கிறாள். பெரிய கருப்புப் பெட்டி.

மாப்பிள்ளை சுரேஷ் புத்தலப்பட்டுக்காரர். அதிகம் பேசமாட்டார். அவருடைய அம்மா நிச்சயத்தன்றே சொல்லிவிட்டார் - கல்யாணத்துக்கு அப்புறம் அந்தப் பெட்டி இங்கே வேண்டாம், லாப்டாப் போதும். சரி, அதை நாமே வாங்கிக் கொடுத்துவிடுவோமே என்று கிளம்பினேன்.

கவிதாவின் டெஸ்க்டாப் பில்லைப் பார்த்துவிட்டுக் கடைக்காரர் சத்தியமே செய்தார். "ரெண்டுலயும் ஒரே பிராசஸர்தான் சார். அதே பேரு, அதே நம்பரு."

நம்பினேன். நம்புவதைத் தவிர எனக்கு வேறு என்ன தெரியும்?

லாப்டாப்பைப் பார்த்ததும் கவிதா சிரித்தாள். அப்புறம் எடிட் செய்த ஒரே கல்யாண வீடியோவை இரண்டிலும் ஏற்றி, முழுப்படமாக ஆக்கித் தரச்சொல்லி ஒரே நேரத்தில் ஓடவிட்டாள்.

முதலில் லாப்டாப் நன்றாகத்தான் ஓடியது. "பார்த்தியா!" என்றேன் பெருமையாக.

கொஞ்ச நேரம் போனது. லாப்டாப்பின் ஃபேன் கத்த ஆரம்பித்தது. அடியில் கைவைத்தால் தோசைக்கல். வேகம் மெல்ல மெல்ல இறங்கியது. டெஸ்க்டாப் வேலையை முடித்துவிட்டு சும்மா இருந்தது. லாப்டாப்பில் இன்னும் தாலியே கட்டவில்லை.

"பேரு ஒண்ணுதான் மாமா. பெரிய பொட்டில கரெண்ட்டு நெறைய எடுத்துக்கும், காத்தும் வரும். இது ஒல்லி... சூடாச்சுன்னா தன்னக் காப்பாத்திக்க தானா வேகத்தக் கொறச்சுக்கும். அது மேல தப்பு இல்ல."

"கொஞ்சம் லேட்டானா என்னா பாப்பா?"

அவள் சூடான லாப்டாப்பைத் தூக்கி ஜன்னலோரம் வைத்தாள்.

"முகூர்த்த மாசத்துல லேட்டாச்சுன்னா, பார்ட்டிங்க வேற ஆளப் பாத்துக்கினு போயிடுவாங்க. அப்புறம் என் வேல தானா நின்னுடும் மாமா. யாரும் நிறுத்துனதா இருக்காது."

அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். பார்வையின் அர்த்தம் - நீ போய்ப் பேசு. குடும்பத்தில் பேசத் தெரிந்தவன், எழுதுகிறவன் என்று ஒரு பெயர் வாங்கிவிட்டால் இப்படித்தான். எல்லாத் தூதுக்கும் நாம்தான். எனக்கோ முழங்கால் வலி... இருந்தாலும் மறுநாள் புத்தலப்பட்டுக்கு பஸ் ஏறினேன்.

சம்பந்தியம்மா காபி கொடுத்தார். நான் சூடு, காற்று, வேகம் என்று எனக்கே பாதி புரியாததையெல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டவர், தெலுங்கும் தமிழும் கலந்து சொன்னார்.

"எந்துக்கு அண்ணா இதெல்லாம்? கரெண்ட்டு போனா அந்தப் பொட்டி நின்னுடும். லாப்டாப் நிக்காதில்ல?"

நியாயமான கேள்வி. அங்கே லாப்டாப்தான் ஜெயிக்கும். யூபிஎஸ் ஒன்று வாங்கி வைத்துவிடலாம் என்றேன். ஆனால் அவர் முகம் தெளியவில்லை. கடைசியில் உண்மையான காரணம் வந்தது.

"வர்றவங்க போறவங்க எல்லாம், மருமக பொட்டி முன்னாலயே குந்திக்கினு கீதுன்னு பேசுவாங்க. லாப்டாப்னா யாராச்சும் வந்தா மூடி வெச்சிடலாம்."

ஒரு பெண்ணின் வேலையை டப்பென்று மூடி வைக்க வசதியாக இருக்கிறதாம். எனக்குச் சோர்வாக இருந்தது. கோபப்படக்கூடத் தெம்பு இல்லை.

அப்போதுதான் பின்னறையிலிருந்து தரதரவென்று எதையோ இழுக்கும் சத்தம். போய்ப் பார்த்தால் சுரேஷ்! வேர்க்கடலை மூட்டைகளை ஒவ்வொன்றாக ஹாலுக்கு இழுத்து வந்துகொண்டிருக்கிறார். உடம்பெல்லாம் தூசி.

"ஏன்டா, இன்னா பண்ற?"

"பொட்டி வெக்க இடம் பண்றேம்மா. ஜன்னல் இருக்கற ரூம். காத்து வரும்."

"ஹால்ல மூட்டைய அடுக்கி வெச்சா வர்றவங்க இன்னா சொல்லுவாங்க?"

"விளைச்சல் நல்லாருக்குன்னு சொல்லுவாங்க."

அந்த அம்மா அவரை முறைத்தார், என்னைப் பார்த்தார். அப்புறம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "சரி, சரி. அப்பிடி நடுவுல வெக்காத. செவுரு ஓரமாப் போடு" என்றார். மூட்டையின் ஒரு முனையை அவரே பிடித்தார்.

நான் மிச்சக் காபியைக் குடித்தேன். ஆறிப்போயிருந்தது. அது நல்ல காபி என்று அப்போதுதான் தெரிந்தது.

பெயரைப் பார்த்து, நம்பரைப் பார்த்து வாங்குகிறோம். பெண்ணுக்கும் படிப்பைப் பார்க்கிறோம், திறமையைப் பார்க்கிறோம். கொண்டுபோய் எங்கே உட்காரவைக்கிறோம், அங்கே காற்று வருமா என்று எத்தனை பேர் பார்க்கிறோம்?

இந்த வாரம் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. சீர் வண்டியில் டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் அந்தக் கருப்புப் பெட்டியை சீட் பெல்ட் போட்டு உட்காரவைத்தார் மாப்பிள்ளை.

தாய்மாமன் பஸ்ஸில் வந்தான். நின்றுகொண்டு!