மீனின் வாயைப் பார்த்தவர்

பிறைத் துறையிலிருந்து படகில் பினாங்குக் கரைக்கு வந்து இறங்கியபோதுதான் எனக்குச் செய்தி கிடைத்தது. புக்கிட் மெர்தாஜாமில் உறவுக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். மாதா கோயில் உபதேசியார், மெழுகுவர்த்திக் கட்டும் கையுமாக எதிரே வந்தார். "வாத்தியாரே, சூசை அண்ணன் விடியக்காலையில போயிட்டாரு. உங்க வீட்டுக்கு ஆள் அனுப்பினோம், அந்தக் கரையில இருக்கீங்கன்னு சொன்னாங்க" என்றார். எதிர்பார்த்துக்கொண்டிருந்த செய்திதான். எதிர்பார்த்திருந்ததால் துக்கத்தில் கால் பங்குகூடக் குறையவில்லை. ரிக்‌ஷாவில் ஏறி உட்கார்ந்த பிறகு, எங்கே போகவேண்டும் என்று வண்டி இழுக்கும் சீனர் திரும்பத் திரும்பக் கேட்டார்.

பினாங்கு ரோட்டு டிஸ்பென்சரியில் கம்பவுண்டராக இருந்த மரியசூசையின் கையால் கலவை மருந்து வாங்கிக் குடிக்காதவர்கள் நம்மில் குறைவு. கசக்கிறது என்று முகம் சுளித்தால், "இனிப்பா இருந்தா நாளைக்கும் வந்து நிப்பீங்க" என்பார். ஆனால் நம்மில் பாதிப்பேர் அவரைத் தேடிப்போனது நமக்காக அல்ல, பாட்டிலில் தூக்கிக்கொண்டு போன மீனுக்காக. சீனர் கடைகளில் தங்கமீன் வாங்கிக் கண்ணாடித் தொட்டியில் விடுவது இந்த ஊரில் ஒரு கௌரவமாகிப்போனது. தொட்டி வைக்கத் தெரிந்த நமக்கு மீனை வைத்திருக்கத் தெரியவில்லை. நம் அறியாமையெல்லாம் சாயங்காலமானால் சூசை அண்ணன் வீட்டு வாசலில் வரிசைகட்டி நிற்கும்.

என் வீட்டுத் தங்கமீனுக்கு உதட்டைச் சுற்றி வெள்ளையாகப் பஞ்சு பிடித்தது. நோய் வந்ததும் எங்கள் வீட்டில் வழக்கமாகச் செய்வதைச் செய்தோம்: இன்னும் கொஞ்சம் சோறு போட்டோம். என் மனைவி கமலம் போட்டாள். பக்கத்து வீட்டார் போட்டார்கள். வந்தவர் போனவரெல்லாம் 'ஐயோ பாவம், ஒரு வாய்' என்று போட்டார்கள். அண்ணனைக் கூட்டிவந்தேன். மருந்துப்பெட்டியைத் திறப்பார் என்று பார்த்தால், நாற்காலியை இழுத்துப் போட்டுத் தொட்டியின் முன்னால் சும்மா உட்கார்ந்துவிட்டார். எனக்குப் பொறுமை குறைவு என்பது உங்களுக்குத் தெரியும். "அண்ணே, மருந்து?" என்றேன்.

"மருந்தை அப்புறம் பாப்போம். முதல்ல இவன் என்ன செய்யுறான்னு பாப்போம் லா" என்று இந்த ஊர்ப் பேச்சில் இழுத்தபடி ஒரு கொசுப்புழுவைத் தண்ணீரில் விட்டார். மீன் பாய்ந்து வந்து வாயில் வாங்கியது, உடனே துப்பியது. மறுபடி வாங்கியது, மறுபடி துப்பியது. "பாத்தீங்களா? பசி இல்லாம இல்ல. வாய் வலிக்குது. நீங்க போட்ட சோறெல்லாம் அடியில புளிச்சுக் கிடக்கு. அந்தத் தண்ணிதான் வாயைத் தின்னுது. சாப்பிடாதவனைச் சாப்பிடுன்னு சொல்லாதீங்க வாத்தியாரே. ஏன் சாப்பிடலன்னு கேளுங்க."

தன் வீட்டில் முந்தின நாளே பிடித்துவைத்திருந்த குழாய்த் தண்ணீரைக் கொண்டுவந்து பீங்கான் பேசினில் ஊற்றி, கல்லுப்பை அளந்து கரைத்து, மீனை அதில் தனியாக விட்டார். பிறகு ஈரத்துணியில் அதை ஏந்தி, பூனைமயிர்த் தூரிகையால் பெர்மாங்கனேட் கரைசலை உதட்டில் மட்டும் தொட்டுவைத்தார். ஒரு சொட்டுகூடச் செவுளில் படக்கூடாது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். நானும் பிடித்துக்கொண்டிருந்தேன். தொட்டியை நான் கழுவவேண்டும், அவர் சொல்லும்வரை யாரும் எதுவும் போடக்கூடாது என்பது உத்தரவு. கமலம் அழாத குறைதான். சில நாளில் பஞ்சு மெல்லக் கரைந்து, உதடு மறுபடி சிவந்தது. அதன் பிறகு அவர் விட்ட புழுவை மீன் துப்பாமல் விழுங்கியபோது, "இப்ப ஒத்துக்கிறேன், இவன் பொழைச்சுட்டான்" என்றார்.

எல்லா மீனுக்கும் மருந்து கொடுத்துவிடுகிறவர் அல்லர் அவர். சூலியா வீதியில் முடிதிருத்தும் கடை வைத்திருந்த நண்பர், வாய் வீங்கிய சண்டைமீன் ஒன்றைக் கொண்டுவந்தார். அண்ணன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "பஞ்சு இல்ல, புண்ணும் இல்ல. அடிபட்ட வாய். இதை எங்க வெச்சிருக்கீங்க?" என்று கேட்டார். "கடையிலதாண்ணே, பெரிய கண்ணாடி முன்னால. வர்றவங்களுக்கு ரெண்டு மீனாத் தெரியும்." அண்ணனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "காலையிலேருந்து ராத்திரி வரைக்கும் இவன் எதிராளிகிட்ட மோதிக்கிட்டு இருக்கான். அவனும் விடமாட்டேங்கிறான். மருந்து வேணாம், பாட்டிலைத் தள்ளி வைங்க" என்று அனுப்பினார். அந்த மீன் வெகுகாலம் இருந்தது.

இனி எழுதவேண்டியதை எழுதக் கை வரமாட்டேன் என்கிறது.

போன கிறிஸ்துமஸுக்கு வழக்கம்போல அவர் வீட்டில் சாப்பாடு. அவர் மனைவி லூர்தம்மாள் அக்கா, அன்றைக்கு ஊருக்கே காணும் அளவுக்குச் சமைத்திருந்தார். அண்ணன் இளைத்துப் போயிருந்தார். அதைப் பார்த்துப் பந்தியிலிருந்த எல்லாரும், "இன்னும் ஒரு துண்டு", "அண்ணனுக்கு வைங்க" என்று இலையை நிரப்பிக்கொண்டிருந்தோம். "இப்பல்லாம் என் கைச் சமையல் இவருக்குப் பிடிக்கல தம்பி. புதுசு புதுசா செஞ்சு பாக்குறேன்" என்றார் அக்கா. சிரித்துக்கொண்டுதான் சொன்னார், அதன் பிறகு யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் அண்ணனைப் பார்த்தேன். ஒரு கவளம் எடுத்தார், ஒரு பக்கமாக மென்றார், நிறுத்தினார், துண்டால் வாயைத் துடைப்பதுபோல் அதை வெளியே எடுத்துவிட்டார். மறுபடி ஒரு கவளம் எடுத்தார். மறுபடி துண்டு.

கை கழுவும் சாக்கில் அவரைப் பின்கட்டுக்குக் கூட்டிப்போனேன். அங்கேதான் அவருடைய மீன் தொட்டி இருந்தது.

"அண்ணே, வாயைத் திறங்க."

"நீங்க எப்ப டாக்டர் ஆனீங்க?"

"நீங்க ஆக்கினதுதான். திறங்க."

சன்னல் வெளிச்சத்தின் பக்கம் திரும்பித் திறந்தார். உட்கன்னத்தில் தடித்து வெளுத்த புண். நான் படித்த படிப்புக்கு அதன் பெயர் தெரியவேண்டிய அவசியமில்லை, அவருக்குத் தெரிந்திருந்தது. "அவகிட்டச் சொல்லாதீங்க வாத்தியாரே. உடைஞ்சுபோயிடுவா" என்றார். எனக்குக் கோபம் வந்தது. "அவங்க இப்பவே உடைஞ்சுதான் கிடக்காங்க. உங்களுக்குச் சமையல் பிடிக்கலன்னு நினைச்சுக்கிட்டு இருக்காங்க" என்றேன். ஊரில் உள்ள மீனையெல்லாம் ஏன் சாப்பிடவில்லை என்று கேட்ட மனிதர், தான் சாப்பிடாததற்கு அடுப்படியில் அக்கா என்ன நினைப்பார் என்று யோசித்திருக்கவில்லை. தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றவர், தானாகவே அடுப்படிக்குள் போனார்.

உள்ளே என்ன பேசிக்கொண்டார்கள் என்று தெரியாது. வெகுநேரம் கழித்து அக்கா வெளியே வந்தார். கண்கள் சிவந்திருந்தன. இலையிலிருந்த கறியை எல்லாம் எடுத்துவிட்டு, குழைந்த சோற்றைப் பாலில் கரைத்து, கிண்ணத்தில் ஆறவைத்து அவர் முன் வைத்தார். அண்ணன் அதைத் துப்பவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியிலும் கையை விரித்துவிட்டார்கள். அதன் பிறகு இருந்த மாதங்களில் அக்கா அரைத்தும் கரைத்தும் கொடுத்ததைக் குடித்துக்கொண்டு, "இப்பதான் வயிறு நிறையச் சாப்பிடுறேன்" என்பார். "மீனா இருந்தா என்னை நானே உப்புத் தண்ணியில தூக்கிப் போட்டிருப்பேன் லா" என்று சிரிப்பார். சிரித்தால் வலிக்கும், அப்படியும் சிரிப்பார்.

அடக்கம் முடிந்த மறுநாள் நானும் கமலமும் போனோம். பின்கட்டுத் தொட்டியில் யாரோ இரக்கப்பட்டுச் சோறு போட்டிருந்தார்கள். முதலில் அதை அள்ளி எறிந்து தண்ணீரை மாற்றினேன். கூடத்தில் அக்காவைச் சுற்றி உறவினர்கள், "ஒரு வாய் சாப்பிடுங்க", "எங்களுக்காகச் சாப்பிடுங்க" என்று மன்றாடிக்கொண்டிருந்தார்கள். அக்கா தட்டைத் தள்ளித் தள்ளி வைத்தார். எனக்கு அண்ணனிடமிருந்து மிஞ்சியது ஒரே ஒரு கேள்வி. அதைத்தான் கேட்டேன். "ஏன்க்கா முடியல?"

அக்கா அழுகையை நிறுத்தி என்னைப் பார்த்தார். "அவரால மெல்ல முடியாத சோத்தை நான் மட்டும் எப்படி மெல்லுவேன் தம்பி?"

கமலம் எழுந்து அடுப்படிக்குப் போய், பாலில் சோற்றைக் கரைத்து, ஆறவைத்து, அண்ணன் குடித்த அதே கிண்ணத்தில் கொண்டுவந்து வைத்தாள். யாரும் குடிக்கச் சொல்லவில்லை. அக்கா தானாகவே எடுத்துக் குடித்தார்.