சினையென்று நான் சொன்ன பசு

இருபதுகளில் நான் ரங்கூனுக்குக் கிழக்கே, ஓடைக்கு அப்பால் தாகேதாவில், ஒரு ராவுத்தரின் இறைச்சி மாட்டு மந்தையை மேய்த்துக்கொண்டிருந்தேன். பசுக்கள் ஈனும், கன்றுகள் வளர்ந்ததும் நகரத்துக் கறிக்கடைகளுக்குப் போகும். மழை ஓய்ந்ததும், கிழட்டுப் பசுக்களில் எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்று முதலாளி முடிவு செய்வார். பல்லைப் பார்ப்பார், காலைப் பார்ப்பார், சினையா என்று கேட்பார். பல் தேய்ந்து, சினையும் இல்லையென்றால் அது அடிமாடு.

அந்த வருஷம் ஒற்றைக் கொம்புப் பசு ஒன்றின் முறை. ஒன்பது ஈத்து கண்டது. பல் ஈறுவரை தேய்ந்திருந்தது. அதன்மேல் எனக்குப் பாசம் என்று சொன்னால் பொய். சாயங்காலம் அது முன்னால் நடந்தால் மந்தை மொத்தமும் பின்னாலேயே பட்டிக்கு வந்துவிடும். நான் மரத்தடியில் படுத்திருக்கலாம். அது போய்விட்டால் நான்தான் ஓட வேண்டும்.

"சினையா இருக்கு, முதலாளி. மூணு மாசம்," என்றேன்.

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"முகத்தப் பாத்தாலே தெரியுதே."

முதலாளி என் முகத்தைப் பார்த்தார். பிறகு, "அந்தப் பானைக்காரியக் கூப்பிடு," என்றார்.

த்வாண்டே ஊர்ப் பானைகளை வாங்கி விற்கும் பர்மியப் பெண் அவள், பக்கத்தில்தான் வீடு. எல்லோரும் அவளை அக்கா என்ற பொருளில் 'அமா' என்போம். மாடு வளர்த்த குடும்பம் என்பதால் சினை பார்ப்பதில் அவள் சொல்தான் முடிவு. வரும் வழியெல்லாம் அவளிடம் கெஞ்சினேன்.

"அமா, இருக்குன்னு மட்டும் சொல்லிடுங்க. என்ன வேல சொன்னாலும் செய்யிறேன்."

"என்ன வேலயும்?" என்று சிரித்தாள்.

பசுவின் வலது விலாவுக்குக் கீழே முஷ்டியை வைத்து இரண்டு மூன்று முறை அமுக்கிப் பார்த்தாள். "ஆறு மாசம்," என்றாள். நான் சொன்னதைவிட மூன்று மாதம் தாராளமாகவே பொய் சொல்கிறாளே என்று மனதுக்குள் கும்பிட்டேன்.

அன்றிலிருந்து என் ஞாயிற்றுக்கிழமைகள் அவளுடையவை. படகுத்துறையிலிருந்து நகரத்து லத்தா கடைவீதிவரை, தோளில் கம்பு போட்டு இரண்டு பக்கமும் பானை தொங்கச் சுமந்தேன். முதலாளி மந்தையைப் பார்க்க வரும் நாட்களில் அந்தப் பசுவுக்கு உப்பை நக்கக் கொடுத்து, வயிறு முட்டத் தண்ணீர் காட்டினேன். வயிறும் நன்றாகவே பெருத்தது. என் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று மாதம் கழித்து ஒரு காலை, பட்டிக்குள் அது ஒரு கிடாரிக் கன்றை நக்கிக்கொண்டிருந்தது.

அமாவின் வீட்டுக்கு ஓடினேன். "நெசமாவே சினையா?"

"ஆறு மாசம்னு சொன்னேனே!"

"பின்ன எதுக்கு என்னைப் பானை சொமக்க வச்சீங்க?"

"நீதானே என்ன வேலயும் செய்யிறேன்னே?" அவள் சிரித்த சிரிப்பில் தெருவே திரும்பிப் பார்த்தது.

கன்று பால் மறந்தபோது தாய் எலும்பும் தோலுமாக நின்றது. புல்லை மென்று விழுங்க முடியாமல் உமிழ்ந்தது. மந்தை அதைக் கடந்து வேறொரு பசுவின் பின்னால் போகத் தொடங்கியிருந்தது. மறுபடி மழை ஓய்ந்து முதலாளி வந்ததும், அவர் கேட்கும் முன்பே, "இத அனுப்பிடலாம், முதலாளி," என்றேன். அவர் தலையசைத்தார். படகுத்துறைவரை நானே அதை நடத்திப் போனேன், அது நடந்த வேகத்திலேயே.