பக்கவாசல் பெஞ்சு

ஆண்டவரில் அன்பான உறவுகளே, எனக்குக் கூட்டத்தில் எழுந்து நின்று பேச வராது. அதனால் எழுதித் தருகிறேன். பாம்பனில் தையல் வேலை செய்கிறேன். வயது முப்பத்தாறு.

இரண்டு வருடத்துக்கு முன்னால், தவக்காலத்தில் என் அம்மா இறந்தார். அடக்கப் பூசையின் நடுவே நான் கோயிலைவிட்டு ஓடிவிட்டேன். அம்மாவின் சவப்பெட்டி பீடத்துக்கு முன்னால் இருந்தது. நான் கடற்கரையில் காதைப் பொத்திக்கொண்டு கிடந்தேன்.

ஸ்பீக்கர் சத்தம் எனக்குக் காதுக்குள் ஊசி இறங்குவது போல இருக்கும். விட்டுவிட்டு எரியும் டியூப் லைட், நெருக்கும் கூட்டம், பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லத் தொடும் கைகள் எல்லாம் சேர்ந்தால் மூச்சு முட்டும். சிறு வயதிலிருந்தே இப்படித்தான். இது ஆட்டிசம் என்று ராமநாதபுரத்தில் ஒரு டாக்டரம்மா சொன்னபோது எனக்கு முப்பது தாண்டிவிட்டது. அதை ஊரில் யாரிடம் சொல்ல? "பெத்தவளத் தூக்குற வரைக்கும் நிக்கலயே, என்ன மனசுடி இவளுக்கு" என்று என் காதுபடவே பேசினார்கள்.

அதன்பின் நான் கோயிலுக்குப் போகவில்லை. ஞாயிறு காலையில் தெருவே காலியாகிவிடும். வீட்டில் நானும் தையல் மிஷினும்தான். ஒரே செபம்தான் செய்தேன். "ஆண்டவரே, உம்ம வீட்ல எனக்கும் ஒரு இடம் தாரும்." மாதக்கணக்கில் பதிலே இல்லை. அவர் கேட்கிறாரா என்றே சந்தேகம் வந்துவிட்டது.

ஒருநாள், கோயிலில் மைக் செட் பார்க்கும் சூசை அண்ணன் சட்டைத் துணி கொண்டு வந்தார். "என்ன தங்கச்சி, கோயில் பக்கமே வாரதில்ல?" என்றார். வழக்கமாக எதையாவது சொல்லி மழுப்பிவிடுவேன். அன்று முடியவில்லை.

"சத்தம் தாங்க முடியலண்ணே. எங்கம்மாவுக்காகக்கூடத் தாங்க முடியல."

அழுதுவிட்டேன். அவர் துணியை மிஷின் மேல் வைத்தார்.

"சத்தம் வைக்கிறவன் நாந்தான தங்கச்சி. நாளைக்குக் காலையில வா. ஆள் இருக்காது. எது எது வலிக்குதுன்னு கையக் காட்டு."

போனேன். வெறும் கோயிலில் ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினார். இந்த ஸ்பீக்கர், அந்த லைட், கிறீச்சிடும் ஃபேன் என்று கைகாட்டினேன். பங்குச்சாமியாரும் வந்தார்.

"இத்தன வருசமா ஏம்மா சொல்லல?"

"யாரும் கேக்கல சாமி."

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

இரண்டே வாரத்தில் பக்கவாசல் ஸ்பீக்கரைக் கழற்றினார்கள். லைட்டையும் ஃபேனையும் மாற்றினார்கள். அங்கே ஒரு பெஞ்சு போட்டார்கள். அதில் இருப்பவர்களுக்குக் கைகூப்பியே சமாதானம் சொல்லுங்கள், அவர்கள் எழுந்து போனாலும் திரும்பி வந்தாலும் பார்க்காதீர்கள் என்று சாமியார் பூசையில் சொன்னார்.

அம்மாவின் முதல் ஆண்டுப் பூசைக்குப் போனேன். ஒருமுறை வெளியே போய் மூச்சுவிட்டு வந்தேன். ஆனால் சாமியார் அம்மா பெயரை வாசித்தபோது உள்ளேதான் இருந்தேன்.

ஊர்ப் பேச்சு இன்னும் ஓயவில்லை. பல ஞாயிறு அந்தப் பெஞ்சில் நான் மட்டும்தான். போன மாதம் ஒரு தாய், வளர்ந்த மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். மகள் இரண்டு கையாலும் காதை மூடியிருந்தாள். "இங்கன உக்காரலாமா?" என்று அந்தத் தாய் கேட்டார். நகர்ந்து உட்கார்ந்தேன்.

வீட்டோடு முடங்கிக் கிடப்பவர்களே, உங்களுக்கு எது வலிக்கிறதோ அதை ஆண்டவரிடம் சொல்லுங்கள். அவர் அனுப்புகிற மனிதரிடமும் சொல்லுங்கள். எனக்கு அவர் சூசை அண்ணனை அனுப்பினார். ஆண்டவருக்கே நன்றி. எங்கள் கோயிலில் ஞாயிறு பூசை காலை ஏழு மணிக்கு. பக்கவாசல் வழியாக வாருங்கள், நான் அங்கேதான் இருப்பேன்.